என் பேய்க்கு வந்த விமர்சனங்கள்

அந்தப் புதன்கிழமை என் கையில் தடுப்பூசி இருந்தது. எதிரில் மூன்றரை மாதக் குழந்தை ஒன்று, அடுத்த நொடி தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல், என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. நனைத்த பஞ்சால் தொடையைத் துடைத்தேன்.

“நர்ஸம்மா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள் குழந்தையின் தாய்.

ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, குளிப்பாட்டலாமா, இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பேயி எதுக்குங்க நடுவுல நடுவுல ஜோக்கு அடிக்குது? நல்லா பயந்துக்கிட்டு படிச்சிட்டு இருந்தேன். கெடுத்துட்டுது.”

குழந்தை வீறிட்டது. நல்லவேளையாக என் கை அதன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

“அது பயமும் சிரிப்பும் கலந்த கதைம்மா” என்றேன்.

“கலக்காம குடுத்திருக்கலாமேங்க” என்றாள், பால்காரரிடம் சொல்கிற அதே குரலில்.

அவளுக்குப் பதில் சொல்வதற்குள் வரிசையை விலக்கிக்கொண்டு ராஜேஸ்வரி அக்கா உள்ளே வந்தார். கையில் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ஒரு புத்தகம். என் புத்தகம். அதை மேஜை மேல், தடுப்பூசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“என் பேரன் பொறந்து மூணு மாசம் முடிஞ்சிட்டுது நர்ஸம்மா. இன்னும் என் வூட்டு வாசப்படி மிதிக்கல. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

வரிசையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் அழுகிற குழந்தைகளை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பாப்பாரப்பட்டிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். வீடு வீடாகப் போய் யார் கர்ப்பம், யாருக்கு எப்போது பிரசவம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவது என் தலையெழுத்து.

சில வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் ‘மூன்றாம் விசில்’ என்று ஒரு தொடர்கதை எழுதினேன். பிறகு அது புத்தகமாகவும் வந்தது. ஒரு நீல நிற வீடு. அதில் ஒரு பின்னறை. அந்த அறையில் இறந்துபோன பர்வதம் என்ற மாமியார் பேயாகத் திரும்பி வருகிறாள். அடுப்பே பற்ற வைக்காமல் குக்கர் விசில் அடிக்கும். மூன்றாவது விசிலுக்கு அவள் வந்து நிற்பாள். காலித் தொட்டில் தானாக ஆடும்.

ஆனால் பாவம், முழங்கால் வலி செத்த பிறகும் அவளை விடவில்லை. நின்று பயமுறுத்தினால் கால் வலிக்கிறது. உட்கார்ந்து பயமுறுத்தினால் யாரும் பயப்பட மாட்டேன் என்கிறார்கள்.

கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிற மர்மம் ஒன்றுதான். பர்வதம் செத்த அன்று பின்னறைக் கதவைத் தாழ் போட்டது யார்? மகனா, மருமகளா, பக்கத்து நிலத்துக்காரனா? கடைசி அத்தியாயத்தில் தெரியும். யாருமில்லை. பர்வதமேதான். மத்தியானம் ஒரு மணி நேரம் யாருடைய தொந்தரவும் இல்லாமல் தூங்க வேண்டும் என்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அதை எழுதி முடித்த அன்று எனக்கு அழுகை வந்தது. வாசகர்களுக்குக் கோபம் வந்தது.

பென்சிலால் கோடு போடுங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் ஜாகீர் பாய், என் புத்தகத்தில் சில பிரதிகளை வாங்கிப் பரீட்சை அட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். நான் கேட்காமலே செய்த உதவி அது. ஒரு நாள் பேனா வாங்கப் போனபோது பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், தப்பா நெனக்காதீங்க. எனக்கு பயப்படற மாதிரி கதைன்னா உசுரு. எங்க வூட்ல அவங்களுக்கு சிரிப்புக் கதைதான் ஆவும். நீங்க ரெண்டையும் ஒன்னாப் போட்டு ஆட்டிட்டீங்க. ஒரு உதவி பண்ணுங்க. சிரிப்பு வர்ற பக்கத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டுக் குடுங்க. அத அவங்க படிக்கட்டும். மிச்சத்த நான் படிச்சுக்கறேன்.”

நான் அவரைப் பார்த்தேன். விளையாடவில்லை. பென்சிலையும் சீவி எடுத்து நீட்டினார்.

“அது அப்படிப் பிரிக்க முடியாதுங்க பாய்.”

“ஏன் முடியாது? எழுதினது நீங்கதானே? எது சிரிப்புன்னு உங்களுக்கே தெரியாதா?”

பேனாவுக்குக் காசு கொடுத்துவிட்டு, பென்சிலை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: “பேய் வரும்போது சிரிப்பு வருகிறது. காமெடி வரும்போது பயமாக இருக்கிறது. இரண்டு நட்சத்திரம்.” அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம். அதற்குத்தானே நான் அத்தனை பாடுபட்டது! ஆனால் அவர் அதைக் குறையாகச் சொல்லியிருந்தார். மூன்று நாள் அந்த இரண்டு நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடத்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் நாலு பக்கக் கடிதம் எழுதினார். கொலையாளி யார் என்று நான் மறைத்துவிட்டதாகவும், தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், ஊர்ப் பொல்லாப்புக்குப் பயந்து நான் உண்மையை மழுப்பியதைத் தன்னால் மன்னிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். கொலையே நடக்கவில்லை ஐயா என்று பதில் போட்டேன். “நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்” என்று மறுபதில் வந்தது.

என் கணவர் புத்தகத்தில் நன்றியுரையை மட்டும் படித்தார். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடி வைத்துவிட்டார். அவரிடமிருந்து புகார் எதுவும் இல்லை.

விடுதியில் கற்றுக்கொண்டது

எனக்கு இந்தக் கலப்படப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நர்ஸ் பயிற்சி விடுதியில் வந்தது.

அங்கே ஒரு அறைக்கு எட்டுப் பெண்கள். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. முதல் முறையாகப் பிணத்தைத் தொட்ட வாரத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பயத்தில் ஒருத்தி வீட்டுக்கே போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். நான் அவளை உட்கார வைத்து, பிணவறையில் இருக்கிற பேய் விடுதிச் சாம்பாரைக் குடித்துவிட்டு ‘இதற்குச் செத்ததே தேவலாம்’ என்று திரும்பிப் போன கதையைச் சொன்னேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துச் சிரித்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பயத்தை இறக்கி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதைத்தான் எழுதினேன். அதற்குத்தான் இத்தனை ஏச்சு.

நர்ஸம்மா எழுதினால் பொய்யா இருக்குமா

கதை பிடிக்கவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு ஒன்று. எங்கள் பக்கத்து வாசகர்கள் யாரும் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. இருபது வருடமாக நான் அவர்கள் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், கழிவறை உண்டா, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து. நான் பேனாவை எடுத்தாலே அது பதிவேடு. அதில் பொய் எழுதுவேனா? அப்படியிருக்க, புத்தகத்தில் மட்டும் எப்படிப் பொய் எழுதியிருப்பேன்?

“எந்த வூடுங்க அது?” என்றுதான் முதலில் கேட்டார்கள். எந்த வீடும் இல்லை என்றேன். சிரித்தார்கள். பிறகு அவர்களே தேட ஆரம்பித்தார்கள். நீல வீடு, இரும்புக் கிரில் கதவு, பின்னறை, பக்கத்தில் போர் மோட்டார். ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ராஜேஸ்வரி அக்காவின் வீடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிரில் கதவு அவர் வீட்டுடையதுதான். அதைத் திறக்கும்போது வருகிற கிறீச் சத்தத்தை நான் திருடினேன். பின்னறையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பேயை எடுக்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

ராஜேஸ்வரி அக்காவின் மருமகள் கௌசல்யா. ஏரியூர்க்காரப் பெண், கன்னடம் பேசுகிற குடும்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், சிசேரியனில் ஆண் குழந்தை பெற்றாள். மூன்றாம் மாதம் பிள்ளையும் தாயுமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் வழக்கம். நல்ல நாள் பார்த்து, தொட்டில் புடவை வாங்கி, உத்தரத்துக் கொக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார் ராஜேஸ்வரி அக்கா. நாலு கறவை மாடு, ஏழு பேருக்குச் சமையல், அதற்கு நடுவில் இதையெல்லாம் தானே செய்தார்.

ஏரியூரிலிருந்து பதில் வந்தது. பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் பேய் இருக்கிற வீட்டுக்கு அனுப்ப முடியாது.

“நான் என்ன செய்யலன்னு சொல்லுங்க” என்றார் அக்கா, அன்றைக்கு என் மேஜை முன்னால் நின்றுகொண்டு. “பூசாரிய கூப்ட்டு எலுமிச்சம்பழம் கட்டினேன். கேக்கல. புஸ்தகத்துல நீல வூடுன்னு போட்டிருக்குதுன்னு சொன்னாங்க. ஆள வெச்சு வூடு முச்சூடும் ரோஸ் கலர் அடிச்சேன். அதுக்கு சம்பந்தியம்மா, பேயி கலரு பாத்தா வரும்னு கேக்கறாங்க.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. “ஆஸ்பத்திரில ஒருக்கா பாத்தேன். அப்புறம் ஒருக்கா போயி பாத்தேன். போன்ல காட்டறாங்க, மூஞ்சி சரியா தெரியல. எம் பையன் சரியா சாப்பிடறதில்ல. நீங்க எழுதினதுக்கோசரம் என் குடும்பம் ரெண்டாக் கெடக்குது.”

எனக்கு ஆத்திரமும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆத்திரம் எதற்கு என்றால், இதே அக்காவிடம் கௌசல்யாவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அவளுக்கு ரத்த அளவு எட்டுதான் இருக்கிறது, மத்தியானம் இரண்டு மணி நேரம் இடது பக்கம் படுக்க வேண்டும், சாணிக்கூடை தூக்கக் கூடாது என்று. ‘சரிங்க நர்ஸம்மா’ என்பார். நான் தெருமுனை திரும்புவதற்குள் அந்தப் பெண் தலையில் மாட்டுக்குச் சோளத் தட்டுக்கட்டோடு வருவாள்.

பதிவேட்டைப் பார்த்து நான் சொன்னதைக் கதையாகக் கேட்டார்கள். நான் எழுதிய கதையைப் பதிவேடாகப் படிக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு எழுத்தாளர் எங்கே போய் முட்டிக்கொள்வது?

“ஞாயித்துக்கெழம நானே ஏரியூரு போயி சொல்றேன் அக்கா” என்றேன். “பேயும் இல்ல ஒன்னும் இல்ல, எல்லாம் நான் இட்டுக்கட்டினதுன்னு.”

ஏரியூரில் ஒரு நல்ல வாசகி

பென்னாகரத்தில் பஸ் மாறி ஏரியூர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சொந்தக் கதையைப் பொய் என்று நிரூபிப்பதற்காக பஸ் ஏறிய எழுத்தாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கௌசல்யாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும். நீங்க எழுதலன்னா தெரியாம கொண்டு போயி வுட்டிருப்போம். தெவ்வா இருக்கிற வூட்டுல கொழந்தைய படுக்க வெப்பாங்களா?” பேய்க்கு அவர்கள் வீட்டுப் பேச்சில் தெவ்வா.

“அம்மா, அது கதைங்க.”

“பயந்துக்கிட்டு அப்படித்தான் சொல்வீங்க” என்றார். கடத்தூர் ஆசிரியருக்கு உறவோ என்னவோ.

அவர் காபி போட உள்ளே போனார். கௌசல்யா கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கைப்பழக்கம். இன்னும் வெளுப்புதான்.

“ரத்தம் எவ்ளோ இருக்குதாம்?”

“ஒம்பதுங்க. இங்க நர்ஸு பாத்தாங்க.”

“சரி கண்ணு, நீ படிச்ச பொண்ணு. நீயுமா அந்தக் கதைய நம்பற?”

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியில் இருந்து ‘மூன்றாம் விசில்’ புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகி, ஒரு பக்கத்தில் குழந்தையின் பால் கறை.

“மூணு தடவ படிச்சிட்டேங்க. அந்த முட்டி வலி வர்ற எடத்துல சிரிச்சு, தையல் பிரிஞ்சிடும்னு பயந்துட்டேன்.”

“அப்ப உங்கம்மா?”

“அம்மாவுக்கு தமிழ் படிக்க வராதுங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன்.” குரல் இன்னும் இறங்கியது. “பயமா இருக்கறத மட்டும் படிச்சேன். ஜோக்கெல்லாம் எனக்கு வெச்சுக்கிட்டேன்.”

ஜாகீர் பாய் கேட்டு நான் முடியாது என்று சொன்ன வேலையை இந்தப் பெண் கட்டிலில் படுத்தபடி முடித்திருக்கிறாள்.

“எதுக்கு இந்த வேல? அங்க உங்க மாமியாரு அழுவறாங்க. உன் புருசன் சாப்பிடறதில்ல.”

“அவரு தெனம் பேசறாருங்க. அத்தையும் கெட்டவங்க இல்ல. அடிக்கறதில்ல, திட்டறதில்ல.” குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். “ஆனா விடியக்கால நாலு மணிக்கு எந்திரிக்கணும். அத்தையும் எந்திரிப்பாங்க, அதனால நானும் எந்திரிக்கணும். வயித்துல தையல் இன்னும் இழுக்குது. தூங்கணும், ஒடம்பு முடியலன்னு சொன்னா யாரு வுடுவா? எல்லாரும் பெத்ததுதானேன்னு சொல்வாங்க. எங்கம்மாவே சொல்வாங்க. பேயின்னு சொன்னாத்தான் வுடறாங்க.”

குழந்தையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

“அந்தக் கடைசி அத்தியாயம்” என்றாள். “எல்லாரும் கதவ சாத்தினது யாருன்னு தேடறாங்க. அந்தம்மா எவ்ளோ அசந்து போயிருந்தா உள்ள தாப்பா போட்டுக்கிட்டு படுப்பாங்க? எனக்கு அங்கதான் அழுவ வந்துது.”

நாலு பக்கக் கடிதங்கள், இரண்டு நட்சத்திரங்கள் எல்லாம் வாங்கியவள் நான். அத்தனை பேரில் நான் எழுதியதை எழுதியபடி படித்த ஒரே ஆள், அதை வைத்துத் தன் வீட்டையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டத்தான் வந்திருந்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. காபியைக் குடித்துவிட்டு, இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறினேன்.

மறுபடியும் புதன்கிழமை

அடுத்த புதன்கிழமை, ஊசி போட்டு முடிகிற நேரத்துக்கு ராஜேஸ்வரி அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் மகன் நின்றான்.

“சொல்லிட்டீங்களா நர்ஸம்மா? பேயி இல்லன்னு சொல்லிட்டீங்களா?”

வருடக்கணக்காக ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமையே வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்துவிடுவார்கள். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அந்தப் பெண் தொழுவத்தில் நிற்பாள்.

“இருக்குதுங்க அக்கா” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “அப்ப என்ன செய்யறது?”

“எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் போவாது. அவளுக்கு ரத்தம் பதினொன்னு வரணும். அதுவரைக்கும் அது இருக்கும். இன்னும் ரெண்டு மாசம் அவ அங்கயே இருக்கட்டும். நீங்க வாரத்துக்கு ஒருக்கா போயி பேரன மடியில வெச்சுக்கிட்டு வாங்க.”

“ரெண்டு மாசத்துல போயிடுமா?”

“போயிடும். ஆனா அவ வந்தப்புறம் தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் அந்தப் பின்னறையில கதவ சாத்திக்கிட்டு படுக்கணும். யாரும் தட்டக் கூடாது. சாணிக்கூட, தட்டுக்கட்டு எதையும் ஆறு மாசத்துக்குத் தொடக் கூடாது. தொட்டா திரும்பி வந்துடும்.”

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். “பால் கறக்கறத நான் பாத்துக்கறேம்மா” என்றான்.

அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “எல்லாத்தயும் இதுலயே எழுதிக் குடுத்துடுங்க நர்ஸம்மா. மறந்துடுவேன்.” முதல் பக்கத்தில் வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த நாவலில் வாசகர் ஒருவர் கேட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அது.

மகன் வண்டியைத் திருப்பப் போனான். அக்கா புத்தகத்தைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். எழுந்தவர் உடனே போகவில்லை. நான் எழுதியதையெல்லாம் அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

“நானும் நாலு பெத்தேன் நர்ஸம்மா” என்றார் மெதுவாக. “பதினேழாம் நாளே களை வெட்டப் போனேன். எங்களுக்கெல்லாம் இந்தப் பேயி ஏன் வரல?”

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிற இடம் என் பதிவேட்டிலும் இல்லை, நாவலிலும் இல்லை. உட்காருங்க அக்கா என்று மறுபடியும் பெஞ்சைக் காட்டினேன். பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினேன். இருபது வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன், அவருக்கு நான் பிரஷர் பார்த்தது அன்றைக்குத்தான்.